காப்ரா நகராட்சி எங்கே போயிற்று?

மல்லாபூரில் வெகுநாளாய்க் குடியிருக்கும் அன்பர்கள் காப்ரா நகராட்சிக்கு வரி கட்டியவர்கள். 2007 ஏப்ரல் 16 அன்று அரசாணை ஒன்றால் காப்ரா உட்பட 12 நகராட்சிகள் ஹைதராபாத் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. உள்ளாட்சி என்பது அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 5ஆவது இனம். ஊரின் எல்லையும் வரி விதிக்கும் அதிகாரமும் மாநிலச் சட்டத்திலிருந்தே பிறக்கின்றன. 1993இல் அமலுக்கு வந்த 74ஆவது திருத்தம், குடிநீர், சாலை, குப்பை முதலிய 18 பணிகளைப் பட்டியலிட்டது. ஆனால் அவற்றை மாநிலம் ‘ஒப்படைக்கலாம்’ என்றதே தவிர, ‘ஒப்படைக்க வேண்டும்’ எனவில்லை. அந்த ஒரு சொல்லில்தான் சங்கதியே இருக்கிறது!

புதிய மாநகராட்சியின் 150 வார்டுகளுக்கு முதல் தேர்தல் நடந்தது 2009 நவம்பரில். அதுவரை, ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள், தெருவிளக்கு எரியாவிட்டால் முறையிட நாம் தேர்ந்தெடுத்த கவுன்சிலர் என்று ஒருவரும் இல்லை. அதிகாரிகளைத்தான் தேடிப் போக வேண்டும். வீட்டு வரிக்கு மட்டும் அந்த இடைவெளி கிடையாது.