வயலுக்கு ஏற்ற மண்ணும் சாலைக்கு ஏற்ற மண்ணும்

நூல் சிப்பங்கள் சங்கத்திற்கு வந்து சேரவும், பருத்தி விற்பனைக் கூடத்திற்குப் போய்ச் சேரவும் நல்ல சாலை வேண்டும். மழைக்காலத்தில் அச்சாலை உடையுமாயின், வண்டிக்கூலியின் உயர்வு அங்கத்தினர் தலையிலேயே விழும். ஆகவே, சாலை அமைக்கும் முறையை நாமும் ஓரளவு அறிந்திருத்தல் நலம்.

தார்ச்சாலை என்றதும் தாரே நம் நினைவிற்கு வருகிறது. உண்மையில் தார் கூரை போன்றது. பாரத்தைச் சுமப்பவை அதன் கீழுள்ள படுகைகளே. அடியில் இயற்கைத் தரை, அதன்மேல் கிராவல் பரப்பிய கீழ்ப்படுகை, அதன்மேல் ஜல்லி, எல்லாவற்றிற்கும் மேலே தார். 3.75 மீட்டர் அகலமும் 15 செ.மீ. கனமும் உள்ள கீழ்ப்படுகைக்கு, கிலோமீட்டர் ஒன்றிற்கு 560 கன மீட்டருக்கு மேல் மண் வேண்டும். இதனைத் தொலைவிலிருந்து லாரியில் கொணர்வதைவிட அருகில் கிடைப்பதைக் கொள்வதே சிக்கனம். ஆயின், எந்த மண்?

இங்கு உழவரின் கணக்கு தலைகீழாகிறது. கண்மாய் வண்டலும் வயலின் மேல்மண்ணும் பயிருக்கு அமுதம், சாலைக்கோ ஆகாதவை. ஈரத்தைப் பிடித்து வைக்கும் களியும், மட்கிய பொருளும் பாரத்தின் கீழ் குழைந்து அமிழும். பயிர் ஏறாத மேட்டு நிலத்துச் சரளையும் கிராவலுமே சாலைக்குத் தக்கவை. ஆகவே, சாலைக்கு மண் எடுக்கும் இடத்தில் மேல்மண்ணைத் தனியே வழித்து வயலுக்கே திருப்புவது இருவகையிலும் ஆதாயம்.

மண்ணை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சலித்த மண்ணை ஈரமாக்கிப் பிசைந்து, கண்ணாடித் தகட்டின்மேல் உள்ளங்கையால் உருட்ட வேண்டும். 3 மில்லிமீட்டர் பருமனுள்ள திரியாக எவ்வகையிலும் திரளாது உதிருமாயின் களி குறைவு. நூல்போல் நீளுமாயின் களி உண்டு. ஆய்வுக்கூடத்தில் இதனையே எண்ணால் அளப்பர். கீழ்ப்படுகைக் கிராவலின் நுண்பகுதிக்கு நீர்ம எல்லை 25-க்கும், குழைமை எண் 6-க்கும் மேற்படலாகாது என்பது விதி. கைச்சோதனை நமக்கு எச்சரிக்கை தரும். முடிவு கூறுவது ஆய்வுக்கூடமே.

கோவில்பட்டி, அருப்புக்கோட்டைப் பக்கங்களைப்போல் கரிசலே தரையாயின் என் செய்வது? கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். மேலுள்ள சாலையும் உடன் வெடிக்கும். எடையில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு சுண்ணாம்பு கலந்தால், உப்பும் தன்மை தணிந்து மண் நாளடைவில் இறுகும். மண்ணின் எடை கன மீட்டருக்கு 1,600 கிலோ எனக் கொண்டு, 15 செ.மீ. கனத்திற்கு 4 பங்கு கலப்பதாயின், சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிலோ சுண்ணாம்பு தேவை.

நல்ல மண்ணும் தக்க ஈரமின்றி இறுகாது. ஒவ்வொரு மண்ணும் ஒரு குறிப்பிட்ட ஈரத்திலேயே மிக நெருக்கமாக இறுகும் என்பதை அமெரிக்கப் பொறியாளர் பிராக்டர் 1933-இல் விளக்கினார். ஈரம் குறைந்தாலும் மிகுந்தாலும் ரோலரின் உழைப்பில் ஒரு பகுதி வீணே.

நம் ஊரில் சாலைப்பணி தொடங்கும்போது கிராம சபையில் மூன்று கேள்விகளை எழுப்புவோம்: மண் சோதிக்கப்பட்டதா? ஈரம் பார்த்து இறுக்கப்பட்டதா? ஓரக்கால்வாய் மழைநீரை வடிக்குமா? தார் மூடிய பின் மண்ணைக் காண இயலாது. கேட்க வேண்டிய காலம் அதற்கு முன்னரே.