பந்தாட்டத்தில் உழிஞையும் நொச்சியும்

முன்னுரை

தமிழ் மன்ற மலரில் காற்பந்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று உங்களுள் சிலர் வியக்கக்கூடும். மலரைத் தொகுக்கும் நண்பரும் முதலில் அவ்வாறே கேட்டார். ஆனால் நம் விடுதியில் சங்க இலக்கியத்தைப் பற்றி நடக்கும் விவாதங்களைவிட, இந்திய அணி ஏன் கோல் போடுவதில்லை என்பதைப் பற்றி நடக்கும் விவாதங்களே மிகுதி. அவற்றில் சூடும் மிகுதி. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தபோது எனக்குத் தெளிவான ஓர் உண்மையை இங்கே எழுதுகிறேன்.

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் இரவு. தசரா முடிந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. கோவாவிலுள்ள மட்காவ் நகரில் இந்தியாவும் சிங்கப்பூரும் ஆடின. மானசகங்கோத்திரி விடுதி அறை ஒன்றில் பதினொரு பேர் ஒரு மடிக்கணினியைச் சுற்றி அமர்ந்திருந்தோம். பதினான்காம் நிமிடத்தில் சாங்டே தொலைவிலிருந்து அடித்த பந்து வலைக்குள் விழுந்தது. கட்டில்மேல் ஏறிக் குதித்தோம். இடைவேளைக்குச் சற்று முன்னர்ச் சிங்கப்பூர் சமன் செய்தது. பின்னர் இரண்டாவது கோலும் போட்டது. ஆட்டம் 1-2 என முடிந்தது. 2027ஆம் ஆண்டின் ஆசியக் கோப்பைக்குச் செல்லும் வாய்ப்பும் அத்துடன் அற்றுப்போயிற்று.

“நம்மிடம் ஃபார்வர்டு என்று சொல்ல ஒருவனும் இல்லை!” என்று அறை முழுவதும் கூவியது. நானும் கூவினேன். மூலையில் அமர்ந்திருந்த தூத்தூர் நண்பர் மட்டும், “பந்து வந்தாத்தானே அண்ணே அடிப்பான்?” என்றார். குமரிக் கடற்கரையிலிருந்து வந்தவர். எனக்கு ஓராண்டு இளையவர். எங்கள் துறை அணியின் ஃபார்வர்டு அவர், பின்காவலன் நான். அவர் இந்திய அணிக்காக மட்டும் அதைச் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிந்தது. அந்தக் கதையை இறுதியில் சொல்கிறேன்.

குறை பொய்யன்று

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். ரசிகர்களின் மனக்குறை வீணான புலம்பல் அன்று. 2024 சனவரியில் கத்தார் நாட்டில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா மூன்று ஆட்டங்கள் ஆடியது. ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. ஒரு கோலும் இல்லை. அந்த ஆண்டு முழுவதும் ஆடிய பதினோர் ஆட்டங்களில் ஒரு வெற்றியும் இல்லை. போட்ட கோல்கள் நான்கு, வாங்கியவை பதினைந்து. அந்த நான்கிலும் ஒன்று பெனால்டி. மற்றொன்று பின்காவலர் ராகுல் பேகே தலையால் முட்டியது.

2024 சூன் மாதத்தில் சுனில் சேத்ரி 151 ஆட்டங்களில் 94 கோல் என்ற பெருமையோடு விடைபெற்றார். ஒன்பது மாதங்களுக்குப் பின், நாற்பதாம் வயதில், அவரையே மீண்டும் அழைக்க வேண்டியதாயிற்று. உலகத் தரவரிசையில் 2023 சூலையில் 99ஆம் இடத்தில் இருந்த நாடு, 2025 சூலையில் 133ஆம் இடத்துக்கு இறங்கியது. இவற்றைக் கண்டும் மனம் நோகாதவன் ரசிகன் ஆகான்.

இந்த நோவு புதியதும் அன்று. விடுதலை பெற்ற இந்தியா தன் முதல் ஒலிம்பிக் காற்பந்தாட்டத்தை 1948இல் இலண்டனில் பிரான்சு நாட்டோடு ஆடியது. நம்மவருள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். அன்று இந்தியாவுக்குக் கோல் போட்டவர் மைசூர் மாநில அணியில் ஆடிய சாரங்கபாணி இராமன் என்பதை மைசூரில் படிக்கும் நாம் அறிந்திருக்க வேண்டும். ஆனால் கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு இரண்டாவது கோலைப் போட்டு 2-1 என வென்றது. “இன்னும் ஒரு கோல் போட்டிருந்தால்” என்ற பெருமூச்சுக்கு நம் நாட்டில் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது.

குறை உண்மை. குற்றவாளி யார் என்பதில்தான் நாம் தவறுகிறோம்.

தொல்காப்பியர் காட்டும் வழி

புறத்திணையைப் பாடமாகப் படித்தவர்களுக்கு உழிஞை நினைவிருக்கும். பகைவன் கோட்டையை முற்றுகையிட்டுக் கைப்பற்றும் போர் உழிஞை எனப்படும். உள்ளிருந்து கோட்டையைக் காக்கும் போருக்கு நொச்சி என்று பெயர். புறப்பொருள் வெண்பாமாலை இயற்றிய ஐயனாரிதனார் இவ்விரண்டையும் தனித்தனித் திணைகளாக வைத்தார். அவருக்கு மிக முந்திய தொல்காப்பியரோ நொச்சியைத் தனித் திணையாகப் பிரிக்கவில்லை. வெளியே நின்று தாக்குவோன் செயலையும், உள்ளே நின்று காப்போன் செயலையும் உழிஞை என்னும் ஒரே திணையுள் அடக்கினார்.

வகுப்பில் இதைக் கேட்டபோது தேர்வுக்குரிய ஒரு குறிப்பாகவே எழுதிக்கொண்டேன். காற்பந்தைப் பற்றி எண்ணும்போதுதான் அதன் ஆழம் விளங்கிற்று. தாக்குதலும் காவலும் இரண்டு போர்கள் அல்ல; ஒரே போரின் இரண்டு முகங்கள். நாம் ரசிகர்களாக அமரும்போது ஐயனாரிதனார் வழியில் பிரிக்கிறோம். கோல் விழாவிட்டால் முன்னே நிற்பவனைத் திட்டுகிறோம். கோல் வாங்கினால் பின்னே நிற்பவனைத் திட்டுகிறோம். களமோ தொல்காப்பியர் பக்கம் நிற்கிறது.

ஆட்ட முறைகள் வளர்ந்த கதை

தொடக்கக் காலத்து அணிகள் பின்னே இருவர், நடுவே மூவர், முன்னே ஐவர் என நின்றன. தாக்குதலே ஆட்டம் என்று எண்ணிய காலம் அது. 1925இல் ஆஃப்சைடு விதி மாறியது. அதுவரை முன்னணி வீரனுக்கும் கோலுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும் என்றிருந்தது, இருவர் இருந்தால் போதும் என்றாயிற்று. கோல்கள் மழைபோல் விழத் தொடங்கின. ஆர்சனல் அணியின் மேலாளர் எர்பர்ட் சாப்மன் நடுவில் நின்ற ஒருவரைப் பின்னுக்கு இழுத்து மூன்றாம் காவலராக நிறுத்தினார். முன்னே கோல் பெருகியதால் பின்னே ஒரு காவலர் பிறந்தார்.

1953 நவம்பரில் அங்கேரி அணி இலண்டன் வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தை 6-3 என வென்றது. அதன் நடு ஃபார்வர்டு இதெகுட்டி முன்னே நிற்காமல் பின்னுக்கு இறங்கி ஆடினார். அவரைத் தொடர்ந்து போவதா, இடத்தில் நிற்பதா என்று இங்கிலாந்தின் நடுக் காவலர் திகைத்தார். இதெகுட்டி மூன்று கோல் போட்டார். பின்வாங்கியதே அங்குத் தாக்குதல் ஆயிற்று.

காவல் ஆட்டத்துக்குப் பேர்போன இத்தாலியின் இன்டர் அணி 1964, 1965 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. கதவைத் தாழிட்டுக்கொண்டு ஆடுபவர்கள் என்று அவர்களை உலகம் இகழ்ந்தது. ஆனால் அவர்களின் இடப்புறக் காவலர் பக்கெட்டி 1965-66 லீக் பருவத்தில் பத்து கோல் போட்டார் என்பதை இகழ்ந்தவர்கள் மறந்தார்கள். தாழிட்ட கதவு தக்க நேரத்தில் திறந்தது.

முப்பத்தாறு மீட்டர்

இதைக் கணக்காகவும் காணலாம். அனைத்துலக ஆட்டங்களில் களத்தின் நீளம் பெரும்பாலும் 105 மீட்டர். கோல் கோட்டிலிருந்து நடுக்கோடு 52.5 மீட்டர், பெனால்டிக் கட்டத்தின் விளிம்பு 16.5 மீட்டர். ஓர் அணி அஞ்சித் தன் காவலர்களைக் கட்டத்தின் விளிம்பிலேயே நிறுத்தி, ஒரே ஒரு ஃபார்வர்டை நடுக்கோட்டில் விட்டுவைக்கிறது என்று கொள்வோம். இருவருக்கும் இடையே 36 மீட்டர்.

பறிக்கப்பட்ட பந்து அந்த 36 மீட்டரையும் வான்வழியாகவே கடக்க வேண்டும். கீழே இறங்குவதற்குள் எதிரணிக் காவலர் இருவர் ஃபார்வர்டைச் சூழ்ந்துவிடுவர். அவனுக்குத் துணை செய்ய வேண்டிய நடு ஆட்டக்காரர்களோ தங்கள் கட்டத்தருகே மூச்சு வாங்கிக்கொண்டிருப்பர். பந்து பறிபோகும், மீண்டும் முற்றுகை வரும். தாழ்ந்து நிற்கும் காவல் தாக்குதலைப் பட்டினி போடுகிறது. பட்டினி கிடக்கும் தாக்குதல் காவலுக்கு ஒரு நொடியும் ஓய்வு தருவதில்லை. 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையை வென்ற ஏசி மிலான் பயிற்சியாளர் சாக்கி, கடைசிக் காவலருக்கும் ஃபார்வர்டுக்கும் இடையே 25 மீட்டருக்கு மேல் இருத்தலாகாது என்று வற்புறுத்தியதன் பொருள் இதுவே.

அப்படியானால் எல்லாரும் முன்னேறி நிற்கலாமே என்று கேட்பீர்கள். முன்னேறினால் முதுகுப்புறம் வெற்றிடம் திறக்கும். அதைக் காக்க விரைந்தோடும் காவலர்களும், தக்க பொழுதில் வெளியே வரும் கோல் காப்பாளரும் வேண்டும். அதற்கு நாள்பட்ட கூட்டுப் பயிற்சி வேண்டும். துணிவு மட்டும் போதாது.

சகார்த்தாவில் கிடைத்த விடை

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. 1962இல் சகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியா முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்றது. பயிற்சியாளர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரகீம், ஆசிரியராகப் பணியாற்றியவர். அடுத்துத் தாய்லாந்துடன் ஆடியபோது நடுக் காவலர் சர்னைல் சிங்கின் தலையில் காயம் பட்டது. தையல் போட்ட தலையோடு இருந்த அவரை ரகீம் அரையிறுதியில் நடு ஃபார்வர்டாக நிறுத்தினார். கோட்டையைக் காத்தவர் முற்றுகைக்குத் தலைமை ஏற்றார்! அரையிறுதியிலும் அவர் கோல் போட்டார். செப்டம்பர் 4ஆம் நாள் அதே தென்கொரியாவை எதிர்த்த இறுதி ஆட்டத்திலும் போட்டார். பி. கே. பானர்சி மற்றொன்று போட்டார். இந்தியா 2-1 என வென்று தங்கம் பெற்றது. அன்று கோலைக் காத்தவர் பீட்டர் தங்கராசு.

ரகீமுக்கும் ஃபார்வர்டு பஞ்சம் வந்தது. அவர் “ஆளில்லை” என்று கை விரிக்கவில்லை. பதினொருவரையும் ஒரே படையாகக் கண்டார்.

இன்றைய பஞ்சம்

இன்று நிலை என்ன? இந்தியன் சூப்பர் லீக்கில் ஓர் அணி ஒரே நேரத்தில் வெளிநாட்டார் நால்வர் வரை களத்தில் இறக்க இடமிருந்தது. அணிகள் பலவும் நடு ஃபார்வர்டு இடத்தை அவர்களுக்கே அளித்தன. 2024-25 பருவத்தில் முதலிடம் பெற்றவர் 23 கோல் போட்ட மொராக்கோ வீரர் அசராயி. இந்தியருள் முதலிடம் பெற்றவர் 14 கோல் போட்ட சேத்ரி. நாற்பது வயதுப் பெங்களூரு வீரர்! ஓராண்டு முழுதும் ஓரத்தில் ஆடியவன் நாட்டுக்காகத் திடீரென நடுவில் நின்று கோல் போட வேண்டும் என்கிறோம்.

மேலும், 2024 சூன் முதல் 2025 ஆகத்து வரையிலான பதினான்கு மாதங்களில் ஸ்டிமாச், மார்க்கெசு, காலித் சமீல் என மூன்று பயிற்சியாளர்களைக் கண்டது நம் அணி. 2025 சூலையில் லீக் நிறுத்தி வைக்கப்பட்டது. சிங்கப்பூர் ஆட்டம் நடந்த அக்டோபரிலும் அது தொடங்கவில்லை. கூடி ஆடாத கால்களுக்கு இடையே 36 மீட்டர் என்ன, பத்து மீட்டரும் பெருந்தொலைவே.

கூடி ஆடினால் என்ன ஆகும் என்பதையும் கண்டோம். 2023 சூலை 4ஆம் நாள் பெங்களூரு கண்டீரவா அரங்கில் தெற்காசியக் கோப்பையின் இறுதி ஆட்டம். குவைத்து முந்தியிருந்தபோது, பல கால்கள் மாறி வந்த பந்தைச் சாங்டே வலைக்குள் தள்ளினார். பின்னர்ப் பெனால்டிகளில் இந்தியா வென்றது. அந்தக் கோலைப் போட்டவர் ஒருவர், கட்டியவர் பலர்.

என் குற்றம்

இனி என் கதை. அந்த ஆண்டு ஆகத்தில் எங்கள் துறை அணி ஓர் ஆட்டத்தில் 0-1 எனத் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் எல்லார் முன்னிலையிலும் தூத்தூர் நண்பரை, “நீ எதற்கு அங்கே நிற்கிறாய்?” என்று கடிந்தேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. மூன்று வாரம் களத்துக்கும் வரவில்லை.

சிங்கப்பூர் ஆட்டம் முடிந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. துறைத் தோழர் ஒருவர் எங்கள் ஆட்டத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தார். அதை வாங்கி, குறிப்பேடும் கையுமாக அமர்ந்தேன். எழுபது நிமிட ஆட்டத்தில் ஃபார்வர்டின் காலுக்குத் தரைவழியே வந்த பந்துகள் நான்கே. நான் அனுப்பியது அவற்றுள் ஒன்றுகூட இல்லை. என் காலுக்கு வந்த பந்தையெல்லாம் அச்சத்தால் கண்ணை மூடிக்கொண்டு வானத்துக்கு உதைத்திருந்தேன். அவர் ஒவ்வொரு முறையும் அதைத் தேடி ஓடியிருந்தார். அவர் ஓடியதைப் படத்தில்தான் நான் முதன்முதலாகக் கண்டேன்.

மறுநாள் உணவுக்கூடத்து வாயிலில் குறிப்பேட்டை அவரிடம் காட்டினேன். “தப்பு என்னுடையது, தம்பி” என்றேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அதை விடுங்கண்ணே. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாங்க, பந்தை உருட்டிப் பழகுவோம்” என்றார். ஆறு வாரம் பழகினோம். அடுத்த ஆட்டத்தில் அவருக்கு நல்ல பந்துகள் மூன்று கிடைத்தன. இரண்டைத் தவறவிட்டார், ஒன்றைக் கோலாக்கினார். தவறிய இரண்டுக்கும் நான் வாய் திறக்கவில்லை.

முடிவுரை

இந்தக் கன்னட மண்ணின் அணி மைசூர் என்ற பெயரால் நான்கு முறை சந்தோசு கோப்பையை வென்றது. 1968-69க்குப் பின் 54 ஆண்டுகள் காத்திருந்து, 2023 மார்ச்சில் சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் மேகாலயத்தை 3-2 என வென்று, கருநாடகம் என்ற பெயரால் மீண்டும் பெற்றது. காத்திருத்தல் ரசிகனின் கடமை. கண் திறந்து காத்திருத்தல் அறிவுடைய ரசிகனின் கடமை.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை கோல் விழாதபோது ஃபார்வர்டைத் திட்டுமுன் ஒரு தாளை எடுங்கள். அவனுக்குப் பந்து எத்தனை முறை வந்தது, எப்படி வந்தது, யார் அனுப்பினார் என்று குறியுங்கள். அதன் பின்னும் திட்ட வேண்டுமெனில் திட்டுங்கள். யாரைத் திட்ட வேண்டும் என்பது அப்போது தெரிந்திருக்கும். அது உங்கள் பெயராகவும் இருக்கலாம். என் தாளில் என் பெயரே இருந்தது.