தீவுகளுக்குச் சமைக்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கரீபியக் கடலில் ஓடும் பயணிகள் கப்பலில் சமையல் வேலை கிடைத்திருப்பதாக எழுதியிருந்தாய். மனம் நிறைந்தது. கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய்: பெப்பர்பாட் என்ற கறி கயானாவுக்குச் சொந்தமா, ஆன்டிகுவாவுக்குச் சொந்தமா? உன் அடுப்படியில் இரண்டு ஊர்க்காரர்களும் இருப்பார்கள், உன்னிடம் தீர்ப்பும் கேட்பார்கள். தீர்ப்புச் சொல்லாதே. சிரித்து மழுப்பவும் செய்யாதே. உங்கள் வீட்டுப் பானையில் என்ன விழும் என்று இருவரிடமும் கேள்.

கயானாப் பானையின் உயிர் கசரீப். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அந்த மண்ணின் பழங்குடிகள் கண்ட வித்தை அது. கசப்பு மரவள்ளிக்கிழங்கில் சயனைடு நஞ்சு உண்டு. கிழங்கைத் துருவி, மட்டாபி என்ற நீளமான பின்னல் குழலில் திணித்து, தொங்கவிட்டு இழுத்துப் பிழிவார்கள். வடிந்த சாற்றை நஞ்சு போகும்வரை காய்ச்சி, கறுத்த பாகாகச் சுண்டவைத்தால் கசரீப். அதில் இறைச்சி, பட்டை, கிராம்பு, மிளகாயோடு மெல்ல மெல்ல வேகும். நாள்தோறும் கொதிக்கவைத்தால் கெடாமல் நிற்கும். அங்கே கிறிஸ்துமஸ் காலை என்றாலே இந்தக் கறியும் பிரெட்டும்தான். ஆன்டிகுவாப் பானையில் கசரீப் கிடையாது. கீரை, கத்தரிக்காய், வெண்டைக்காய், பூசணி, உப்பிட்ட இறைச்சி எல்லாம் குழைய வெந்த குழம்பு அது. பக்கத்தில் மக்காச்சோள மாவில் கிண்டிய ஃபஞ்சி உருண்டை. இரண்டையும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தவனுக்கு இதில் வழக்கே இல்லை.

எங்கே பிறந்தது என்று தோண்டினால் அந்தக் கடலில் எந்தத் தட்டும் ஒரே ஊரில் நிற்காது. ஜமைக்காவின் தேசிய உணவு அக்கியும் உப்புமீனும். அக்கி மேற்கு ஆப்பிரிக்க மரம். (அதன் பழம் மரத்திலேயே தானாக வெடித்திருக்க வேண்டும், வெடிக்காத காய் நஞ்சு. யார் அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்காதே.) உப்பிட்ட காட் மீன் வட அட்லாண்டிக்கிலிருந்து, கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்கு மலிவான தீனியாக வந்து இறங்கியது. கறிப்பலாவும் அப்படித்தான். அடிமைகளின் வயிற்றைச் செலவில்லாமல் நிரப்ப வேண்டும் என்ற தோட்ட முதலாளிகளின் கணக்குக்காக, வில்லியம் பிளை என்ற கப்பல் தலைவர் 1793-இல் தஹிதித் தீவிலிருந்து அதன் கன்றுகளை செயின்ட் வின்சென்டிலும் ஜமைக்காவிலும் கொண்டுவந்து இறக்கினார். இன்று கிரெனடாவின் தேசிய உணவான ஆயில் டவுன் அந்தக் காயால் ஆனது. கறிப்பலாவும் சேம்பிலையும் உப்பிறைச்சியும் மஞ்சளும் சேர்த்து, தேங்காய்ப்பால் முழுக்க வற்றி எண்ணெய் பிரியும்வரை அடுப்பிலேயே இருக்கும். அந்தப் பக்குவம் உனக்குக் கைவந்ததுதான்.

டிரினிடாட்காரர் ஆயில் டவுன் எங்களுக்கும் உண்டு என்பார், கிரெனடாக்காரர் விடமாட்டார். இதைச் சின்னத்தனம் என்று எண்ணாதே, தம்பி. தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லை என்று சட்டம் சொன்ன காலத்தில், எறியப்பட்டதை எடுத்து ருசியாக்கி, இது எங்களுடையது என்று சொல்லிக்கொண்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அந்தப் போட்டியை நான் மதிக்கிறேன்.

இப்படிப்பட்ட போட்டியில் பறவைக்கோலா மீன் வழக்குமன்றம் வரை போயிருக்கிறது. பார்படோஸ் தன் ஒரு டாலர் நாணயத்தில் பொறித்து வைத்திருக்கும் மீன் அது. டொபேகோ பக்கத்துக் கடலில் அதைப் பிடிக்கும் உரிமைக்காகவும் கடல் எல்லைக்காகவும் 2004-இல் பார்படோஸ் டிரினிடாட்டுக்கு எதிராக நடுவர் மன்றம் போனது. 2006-இல் எல்லை வகுத்துச் சொன்னார்கள். மீன் உரிமை கிடைக்கவில்லை. இரு நாடும் பேசி ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள் என்றார்கள்.

ரொட்டி விஷயத்தில் இன்னும் கவனமாக இரு. 1838-இல் கயானாவுக்கும் 1845-இல் டிரினிடாட்டுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போகத் தொடங்கிய இந்தியர்களின் கைப்பழக்கம் அது. பெரும்பாலோர் வட இந்தியர். டிரினிடாட்டில் கல்லிலேயே மரத் துடுப்புகளால் அடித்துக் கந்தலாக்குவார்கள். கயானாவில் சுடச்சுடக் கையில் எடுத்துத் தட்டி அடுக்குப் பிரிப்பார்கள். நம் பரோட்டாக் கடையில் தட்டிப் பழகிய கை உன்னுடையது, கயானா முறை உடனே வந்துவிடும். அதற்காக டிரினிடாட் ரொட்டியை அப்படிச் செய்து வைக்காதே.

இனி நம் பங்குக்கு வருகிறேன். மார்டினிக்கிலும் குவாடலூப்பிலும் கொலம்போ என்ற மசாலாக் கறி உண்டு. 1853 முதல் மார்டினிக்குக்கும் 1854 முதல் குவாடலூப்புக்கும் கரும்பு வெட்டப் போன இந்தியர்களோடு போனது. குவாடலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர். புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் கப்பலேறிய தமிழர் அவர்களில் ஏராளம். மல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மஞ்சள், சிலர் கையில் வறுத்த அரிசியும் சேர்ந்த பொடி. வாசம் வந்ததுமே நம்மூர் என்று உன் மூக்கு சொல்லும். மாரியம்மனை அங்கே மலியேமின் என்று கும்பிடுகிறார்கள், படையலிட்ட ஆட்டுக்கறி கொலம்போவாகப் பந்திக்கு வருகிறது. நெஞ்சு நெகிழத்தான் செய்யும். ஆனால் அதைத் திருத்தக் கிளம்பிவிடாதே. அந்தச் சட்டியில் தைம் இலையும் வெங்காயத்தாளும் அந்த ஊர்க் குண்டுமிளகாயும் விழுந்து 170 வருடம் ஆகிறது. அது குவாடலூப்புக்காரர் சாப்பாடு. நம் உறவைச் சொல்லிக்கொள்ளலாம், உரிமை கேட்க வேண்டாம். கப்பலில் உணவுப் பெயரட்டையில் 'கரீபியன் ஸ்பெஷல்' என்று எழுதச் சொன்னால், அந்தந்த நாட்டின் பெயரைப் போட அனுமதி கேள். மறுத்தால் மறுபடியும் கேள்.

ஒரே ஒரு உணவைப் போட்டிக்கு இழுக்காதே: ஹெய்ட்டியின் ஜூமூ சூப். பிரெஞ்சு ஆட்சியில் அடிமைகள் அந்தப் பூசணி சூப்பைச் சமைத்தார்கள், குடித்தவர்கள் எசமானர்கள். 1804 ஜனவரி 1-ஆம் தேதி ஹெய்ட்டி விடுதலை பெற்றது; அன்றிலிருந்து புத்தாண்டு தோறும் வீடு வீடாக அது கொதிக்கிறது. 2021-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. உன் கப்பலில் ஹெய்ட்டிக்காரர் யாராவது இருந்தால் டிசம்பர் மாதமே பேசிவை. முதல் நாள் இரவு மாட்டிறைச்சியை மசாலாவில் ஊறப்போடு, பூசணி, முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் நறுக்கிக் கொடு. கரண்டி அவர் கையில் இருக்கட்டும். எத்தனை பேருக்கு என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள், அன்றைக்குப் பாத்திரம் பெரிதாக வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அண்ணன்