அகலமான பக்கெட் எதுவரை?

கேள்வி: என் சிறிய டிராக் லோடரின் பக்கெட் 66 அங்குலம், டிராக்குகளோ வெளிப்புறத்தில் 70 அங்குலம். 84 அங்குல பக்கெட் மாட்டலாமா?

பதில்: தங்கள் சங்கடம் நியாயமானது. பக்கெட்டின் வாய் இரு டிராக்குகளின் வெளிவிளிம்பையும் மூடாவிடில், வெட்டுப்படாத மண் ஓரத்தில் வரம்பாக நின்று, ஒரு பக்கத்து டிராக் அதன்மேல் ஏறி, யந்திரம் சாய்ந்து, நிரவிய தளமும் கோணலாகிவிடும். ஆகையால் 72 அல்லது 74 அங்குலம் அவசியமே. 84 அங்குலத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

காரணம், பாரம். இவ்வகை யந்திரங்களுக்கு, முன்பக்கம் கவிழச் செய்யும் பாரத்தில் 35 சதவிகிதத்தையே சுமைத்திறனாகக் குறிப்பது வழக்கம். அத்திறன் 900 கிலோ என்று கொண்டால், கனமீட்டருக்கு 1,600 கிலோ நிறையுள்ள ஈரமண்ணை அரை கனமீட்டர் பக்கெட்டில் அள்ளும்போது 800 கிலோ ஆகும், கொள்ளளவு 0.6 ஆனாலோ 960 கிலோவாகி எல்லை கடந்துவிடும். பெரிய பக்கெட்டின் அதிகப்படி இரும்பும் அத்திறனிலிருந்தே கழியும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அன்றியும், அதே ஹைட்ராலிக் விசை நீண்ட விளிம்பெங்கும் பகிரப்படுவதால், இறுகிய நிலத்தில் பக்கெட் உள்ளே இறங்காமல் மேலாகச் சுரண்டிக்கொண்டே போகும். உலர்ந்த தழைச்சருகோ மரத்தூளோ அள்ளுவதானால் அகலம் தாராளமாக இருக்கலாம்.

வாங்குமுன், போல்ட் கழற்றித் திருப்பி மாட்டத்தக்க கட்டிங் எட்ஜ் உள்ளதா என்று கேளுங்கள். முதலில் தேய்வது அதுவே.