எண்ணும் முன் விதியை எழுது

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில் என் வீட்டுக்கு வந்து நீ கொடுத்துவிட்டுப் போன நோட்டுப் புத்தகத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். ஐபிஎல் அணிகளைக் கோப்பைக் கணக்கில் வரிசைப்படுத்தியிருக்கிறாய். முதலிடத்தில் சென்னை, இரண்டாம் இடத்தில் மும்பை. கடைசிப் பக்கத்தில் பென்சிலால், “வரிசை சரிதானே சார்?” என்று கேட்டிருக்கிறாய். ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஸ்கோர் எழுதவும் புள்ளிவிவரம் சேர்க்கவும் உன்னைப் போல் இன்னும் சில பிள்ளைகள் ஆசையோடு வருகிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இந்தப் பதிலைப் பத்திரிகையில் எழுதுகிறேன்.

முதலில் உன் உழைப்பைப் பாராட்டுகிறேன். 2008 முதல் 2025 வரை 18 பருவங்கள், 18 கோப்பைகள். சென்னைக்கு 5, மும்பைக்கு 5, கொல்கத்தாவுக்கு 3. ராஜஸ்தான், டெக்கான், சன்ரைசர்ஸ், குஜராத், பெங்களூரு ஆகிய ஐந்தும் தலைக்கு ஒன்று. கூட்டினால் 18 வருகிறது. கூட்டல் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறவன்தான் இந்த வேலைக்கு ஆகிறவன். அந்தக் கை உனக்கு இருக்கிறது.

2009இல் வென்ற டெக்கான் சார்ஜர்ஸையும் 2016இல் வென்ற சன்ரைசர்ஸையும் தனித்தனியாக வைத்ததும் சரி. இரண்டுக்கும் ஊர் ஹைதராபாத்தான். ஆனால் ஒன்று கலைந்த பிறகு புதிதாக ஏலம் எடுத்து வந்தது மற்றொன்று. அமெரிக்கக் கூடைப்பந்தில் இதற்கு நேர்மாறான வழக்கு உண்டு. லேக்கர்ஸ் அணி 17 பட்டங்களைச் சொல்லிக்கொள்கிறது. அவற்றில் 5, அந்த அணி மினியாபொலிஸில் இருந்தபோது வாங்கியவை. அதே அணி ஊர் மாறி லாஸ் ஏஞ்சலஸ் போனதால் பழைய பட்டங்களும் கூடவே போயின. ஆக, ஊரைப் பார்ப்பதா, அணியைப் பார்ப்பதா என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். நீ அணியைப் பார்த்திருக்கிறாய். அந்த முடிவை நோட்டில் எங்கும் எழுதி வைக்காததுதான் குறை.

நான் சொல்ல வந்தது இதுதான் தம்பி. எண்ணுவதற்கு முன் விதியை எழுது. எழுதிய விதிக்குக் கீழே தேதி போடு. எண்ணி முடித்தபின் உன் மனதுக்குப் பிடித்த அணி கீழே போனாலும் விதியில் கை வைக்காதே.

உன் நோட்டில் ஒரு பக்கத்தை மீண்டும் புரட்டிப் பார். சென்னையும் மும்பையும் 5–5 என்று சமமாக வந்ததும், சாம்பியன்ஸ் லீக்கில் சென்னை வென்ற 2010, 2014 இரண்டையும் சேர்த்து 7 ஆக்கியிருக்கிறாய். அந்தப் போட்டியை மும்பையும் 2011, 2013 ஆண்டுகளில் வென்றிருக்கிறது. அதைச் சேர்த்தால் 7–7. அது தெரிந்ததும் அந்தப் பத்தியை அடித்துவிட்டு, இறுதிப் போட்டிக்கு எத்தனை முறை வந்தார்கள் என்று ஒரு புதுப் பத்தி போட்டிருக்கிறாய். சென்னை 10 முறை, மும்பை 6 முறை. அதோடு எண்ணுவதை நிறுத்தியிருக்கிறாய். அடித்த கோடு வெளியே தெரிகிறது. உன் மனம் முன்கூட்டியே எங்கே போய் உட்கார்ந்துவிட்டது என்பதை அந்தக் கோடு சொல்கிறது.

இதைக் கடிந்து சொல்லவில்லை. எனக்கும் இப்படி நேர்ந்திருக்கிறது. ஒருமுறை ஒரு சிற்றிதழுக்கு விஜய் ஹசாரே கோப்பையை வென்ற மாநிலங்களின் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். தமிழ்நாடு 5 முறை வென்றிருக்கிறது: 2002–03, 2004–05, 2008–09, 2009–10, 2016–17. ஐந்தையும் பெருமையோடு அடுக்கினேன். 2004–05 கோப்பையை உத்தரப் பிரதேசத்தோடு பகிர்ந்துகொண்டது எனக்குத் தெரியும். தெரிந்தும், பட்டியல் நீள்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி விட்டுவிட்டேன். கான்பூரில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு அடையாறில் வந்து குடியேறிய ஒருவர் இதழின் முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை போட்டிருந்தார். “அவர்கள் பாதியை எங்கே வைத்தீர்கள்?” என்று ஒரே வரி. பல நாள் அந்த அட்டை என் மேஜைமேல் கிடந்தது. பகிர்ந்த கோப்பை என்றால் இருவர் பெயரையும் எழுதி, பக்கத்தில் குறிப்பும் போட வேண்டும் என்று அன்றைக்குப் படித்துக்கொண்டேன். நம் ஊர் டிஎன்பிஎல்லில் 2022ஆம் ஆண்டுக் கோப்பையைச் சேப்பாக்கமும் கோவையும் பகிர்ந்துகொண்டன. சேப்பாக்கம் சூப்பர் கில்லீஸுக்கு 4 பட்டம் என்று நீ எழுதும்போது அந்த நான்கில் ஒன்று பாதி என்பதையும் எழுது.

அடுத்தது, எதோடு எதைக் கூட்டுவது என்ற கேள்வி. தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை 2 முறையும், விஜய் ஹசாரேயை 5 முறையும், சையது முஷ்டாக் அலியை 3 முறையும் வென்றிருக்கிறது. நீ மொத்தம் 10 என்று போட்டிருக்கிறாய். எண்ணெயையும் நெல்லையும் ஒரே மரக்காலில் அளந்தது போல இருக்கிறது. ரஞ்சியில் ஓர் ஆட்டம் பல நாள் நடக்கும். முஷ்டாக் அலியில் மூன்றரை மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். 2021 நவம்பரில் டெல்லியில் நடந்த இறுதிப் போட்டியில் கர்நாடகத்துக்கு எதிராகக் கடைசிப் பந்தில் 5 ரன் தேவைப்பட்டபோது நம் அணியின் ஷாருக் கான் சிக்ஸர் அடித்து வென்றது உனக்கு எத்தனை மகிழ்ச்சியோ, அத்தனை மகிழ்ச்சி எனக்கும். ஆனாலும் அது வேறு அளவை. மூன்றுக்கும் மூன்று பத்தி போடு, கூட்டாதே.

ரஞ்சியைப் பற்றிச் சொல்லும்போது இரண்டாம் இடத்தையும் பார். 1954–55இல் இந்தூருக்கே போய் ஹோல்கர் அணியை 46 ரன் வித்தியாசத்தில் வென்றது பாலு அழகண்ணன் தலைமையிலான மெட்ராஸ் அணி. அடுத்த கோப்பைக்கு 1987–88 வரை காத்திருந்தோம். வாசுதேவன் தலைமையில் சேப்பாக்கத்திலேயே ரயில்வேயை இன்னிங்ஸ் வெற்றியில் முடித்தோம். இவை இரண்டையும் தவிர 10 இறுதிப் போட்டிகளில் தோற்றிருக்கிறோம். கோப்பையை மட்டும் எண்ணும் அட்டவணையில் அந்தப் பத்துக்கும் இடமே இல்லை.

அவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1972–73 இறுதிப் போட்டி, சேப்பாக்கம். பம்பாய் எடுத்தது 151, 113. தமிழ்நாடு எடுத்தது 80, 61. பத்மாகர் ஷிவால்கர் முதல் இன்னிங்ஸில் 16 ரன் கொடுத்து 8 விக்கெட், இரண்டாவதில் 18 ரன் கொடுத்து 5 விக்கெட். மூன்றாம் நாள் காலை முதல் பந்திலேயே ஆட்டம் முடிந்துவிட்டது. பம்பாய்க்கு அது தொடர்ந்து 15ஆவது கோப்பை. இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், பம்பாயையே 151க்கும் 113க்கும் சுருட்டிய நம் பந்துவீச்சு எப்படிப்பட்டது என்று புரியும். “இரண்டாமிடம்” என்ற ஒரு சொல்லில் அது தெரியாது. மும்பை 42 முறை ரஞ்சி வென்றது. நாம் 2 முறை. அந்த வரிசையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் நம் வரிக்குப் பக்கத்தில் “12 இறுதிப் போட்டி” என்று ஒரு பத்தி இருக்கட்டும்.

இனி, எத்தனை பேர் ஓடிய பந்தயம் என்று பார்க்க வேண்டும். வட அமெரிக்கப் பனி ஹாக்கியில் மான்ட்ரியல் கனடியன்ஸ் 24 ஸ்டான்லி கோப்பைகளை வைத்திருக்கிறது. அவற்றில் 10, லீக்கில் மொத்தமே 6 அணிகள் இருந்த 1942–67 காலத்தில் கிடைத்தவை. இன்று அந்த லீக்கில் 32 அணிகள். கனடியன்ஸ் கடைசியாகக் கோப்பை வென்றது 1993இல். 6 பேரில் முதல்வனாவதையும் 32 பேரில் முதல்வனாவதையும் ஒரே எண்ணாகப் போட்டால் கணக்கு நியாயமாகாது.

நம் ஐபிஎல்லுக்கு இதைச் செய்து பார்ப்போம். 8 அணி ஆடும் ஆண்டில் ஒவ்வோர் அணிக்கும் கோப்பையில் எட்டில் ஒரு பங்கு. 10 அணி என்றால் பத்தில் ஒரு பங்கு. 2008 முதல் 2010 வரை 8 அணி, 2011இல் 10, அடுத்த இரண்டு ஆண்டு 9, 2014 முதல் 2021 வரை 8, பிறகு 10. மும்பை ஆடிய 18 பருவங்களின் பங்குகளைக் கூட்டினால் ஏறக்குறைய 2.10. அதற்குக் கிடைத்தது 5. சென்னை ஆடியது 16 பருவம், பங்கு 1.85. அதற்கும் கிடைத்தது 5. அப்படியானால் சென்னைதான் மேலே என்று உனக்குத் தோன்றும். எனக்கும் ஒரு நிமிடம் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் அந்த இரண்டு பருவம் ஏன் குறைந்தது? 2016, 2017இல் சென்னை அணி தடை செய்யப்பட்டிருந்தது. சூதாட்ட விவகாரத்தில் லோதா குழு விதித்த தண்டனை அது. தண்டனை ஆண்டுகளைக் கழித்துவிட்டு அதனால் நம் சராசரியை ஏற்றிக்கொள்வது அறம் ஆகாது தம்பி. அந்த இரண்டு ஆண்டும் நம் கணக்கில்தான் சேர வேண்டும். சேர்த்தால் சென்னைக்கும் 2.10, மும்பைக்கும் 2.10. மறுபடியும் சமம்.

வேறு வழியில் உடைத்துப் பார்த்தாலும் இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. இறுதிப் போட்டியில் இவ்விரு அணிகளும் நான்கு முறை மோதின. 2010இல் சென்னை வென்றது. 2013, 2015, 2019 மூன்றையும் மும்பை வென்றது. 2019இல் ஹைதராபாத்தில் மும்பை 149, சென்னை 148. ரத்தம் கசியும் முழங்காலோடு ஷேன் வாட்சன் 80 அடித்தார். கடைசிப் பந்தில் 2 ரன் வேண்டும். மலிங்கா பந்தில் ஷர்துல் தாக்கூர் எல்பிடபிள்யூ. இறுதியை எட்டிவிட்டால் 6இல் 5 வெல்லும் கூர்மை மும்பையுடையது. 16 பருவங்களில் 12 முறை பிளே-ஆஃப், 10 முறை இறுதி என்ற நிலைத்தன்மை சென்னையுடையது. “யார் பெரியவர்” என்று கேட்டால் பதில் இல்லை. “எதில் பெரியவர்” என்று கேட்டால் உண்டு.

கடைசியாக ஒரு காட்சியைச் சொல்கிறேன். நான் ஸ்கோர் எழுதப் பழகியது மெரினா மைதானத்தில். கடல் காற்று தாளைப் புரட்டும். நான்கு மூலையிலும் கிளிப் மாட்டியிருப்போம். ஒரே மேஜையில் இரண்டு ஸ்கோரர்கள், அணிக்கு ஒருவர், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருப்போம். ஓவர் முடிந்ததும் நான் “எண்பத்தேழு” என்பேன். அவர் தன் புத்தகத்தைப் பார்த்து “எண்பத்தேழு” என்பார். அவர் எண்பத்தாறு என்றால் இருவரும் பந்து பந்தாகப் பின்னோக்கிப் போவோம். தவறு பெரும்பாலும் ஒரு லெக்-பையில் இருக்கும். எதிரணிக்காரர் ஒத்துக்கொள்ளாத எண்ணை நாங்கள் எழுதியதே இல்லை. யார் ஜெயித்தாலும் மாலையில் புத்தகத்தை மூடும்போது இரண்டு புத்தகத்திலும் ஒரே மொத்தம் இருக்கும்.

உன் அட்டவணைக்கும் அப்படி இன்னொரு ஸ்கோரர் வேண்டும். தி. நகர் சோமசுந்தரம் மைதானத்தில் ஞாயிறு காலை ஆடுகிறவர்களில் மும்பைச் சட்டை போட்ட ஒரு பையன் நிச்சயம் இருப்பான். அவனிடம் முதலில் உன் விதிகளை மட்டும் காட்டு, எண்களைக் காட்டாதே. விதிகளுக்கு அவன் சரி சொன்னபின் இருவருமாக எண்ணுங்கள்.

“வரிசை சரிதானே சார்?” என்று கேட்டிருந்தாய். சென்னைக்கு 1 போடு. மும்பைக்கும் 1 போடு. கொல்கத்தாவுக்கு 2 போடாதே, 3 போடு. இரண்டு பேர் முன்னால் நிற்கிறார்கள் அல்லவா?

அன்புடன்,
மயிலாப்பூரிலிருந்து ஒரு பழைய ஸ்கோரர்