தவளைக்கும் ரத்தம் சிவப்புதான்!

"மூணு மாடி ஏறுனா மூச்சு வாங்குதுங்க. பஞ்சுத் தூசிதானுங்களே காரணம்?"

திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிற பெண்கள் கேட்கிற கேள்வி இது. தூசியாகவும் இருக்கலாம். ஆனால் கண்ணின் கீழ் இமையை லேசாக இழுத்துக் கண்ணாடியில் பாருங்கள். உள்பக்கம் வெளுத்திருந்தால் ரத்தத்தையும் சந்தேகப்பட வேண்டும்.

இழுக்கிற ஆக்சிஜன் எல்லாம் ரத்தத்தில் தானாகக் கரைந்துவிடாது. 100 மில்லி ரத்தத்தில் கரைவது வெறும் 0.3 மில்லி! மீதியைச் சுமப்பது ஹீமோகுளோபின். ஒரு மூலக்கூறில் 4 இரும்பு அணுக்கள். ஒவ்வொன்றும் ஒரு ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். நுரையீரலில் ஏற்றி, உழைக்கிற தசையில் இறக்க வேண்டும். பிடிக்க மட்டும் தெரிந்தால் போதாது, விடவும் தெரிய வேண்டும்.

தவளையைப் பாருங்கள். தலைப்பிரட்டையாகக் குட்டையில் நீந்தும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. அதனால் அதன் ஹீமோகுளோபின் கிடைத்ததை இறுக்கிப் பிடிக்கும். கால் முளைத்துக் கரையேறுகிற பருவத்தில், எளிதாக இறக்கிவிடுகிற வேறு வகை ஹீமோகுளோபினை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. நாமும் அப்படித்தான்! வயிற்றில் இருக்கிற சிசுவின் ஹீமோகுளோபின், தாயின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும் வகை. பிறந்த சில மாதங்களில் மாறிவிடும்.

நண்டு, இறாலுக்கு இரும்புக்குப் பதில் தாமிரம், ரத்தம் நீலம். அண்டார்டிகா கடலில் ஒரு வகை மீனுக்கு ஹீமோகுளோபினே கிடையாது. உறைகிற குளிர்நீரில் ஆக்சிஜன் நிறையக் கரைந்திருப்பதால் பிழைத்துக்கொள்கிறது. திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் நிற்கிற உடம்புக்கு அந்தச் சலுகை இல்லை.

கணக்கைப் பாருங்கள். 1 கிராம் ஹீமோகுளோபின் சுமப்பது சுமார் 1.34 மில்லி ஆக்சிஜன். பெண்களுக்குக் குறைந்தது 12 கிராம் (கர்ப்பிணிக்கு 11) வேண்டும். 12 இருந்தால் 100 மில்லி ரத்தம் 16 மில்லி சுமக்கும். 8 என்றால் 11 மில்லிகூட இல்லை! அதை ஈடுகட்டத்தான் இருதயம் வேகமாக அடிக்கிறது, படபடப்பு வருகிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15-49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் சோகை. "வேலை அலுப்பு" என்று தள்ளிவிடுவதுதான் எனக்குக் கவலை.

சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம்; அது இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கம்பு, முருங்கைக்கீரை, கொண்டைக்கடலையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்கள். அசைவக்காரர்களுக்கு ஈரல் நல்லது (கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்). மாதவிலக்கில் அதிகப் போக்கு, கொக்கிப்புழு இருக்கிறதா என்றும் டாக்டரிடம் பார்த்துவிடுங்கள். ஓட்டைக் குடத்தில் ஊற்றி என்ன பயன்?

இரும்பு மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மலம் கறுப்பாகப் போகும். பயந்து நிறுத்த வேண்டாம். அளவு 12-ஐத் தொட்ட பிறகும், உடம்பில் இரும்பு இருப்புச் சேர, டாக்டர் சொல்கிறவரை ஏறக்குறைய மூன்று மாதம் தொடர வேண்டும்.