அறிவிக்கை வராத ஆண்டுகள்

2019 செப்டம்பர் 1 அன்று தமிழ்நாடு அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வு நடந்தது. அதற்கடுத்த குரூப் 4, 2022 ஜூலை 24 அன்றுதான் நடந்தது. குரூப் 2-க்கு இடைவெளி இன்னும் பெரிது. 2018 நவம்பரில் ஒன்று, பிறகு 2022 மே மாதம். என் இருபத்து நான்காம் வயதும் இருபத்தேழாம் வயதும் இந்த இடைவெளியின் இரண்டு பக்கத்திலும் நிற்கின்றன. கொரோனாக் காலம் என்றாலே ஆக்ஸிஜன் தட்டுப்பாட்டையும், ஊருக்கு நடந்தே போன தொழிலாளர்களையும், வீட்டிலிருந்து வேலை பார்த்த ஐ.டி. பிள்ளைகளையும் பேசுகிறோம். பேச வேண்டியவைதான். அரசு வேலைக்கென்று படித்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கானவர்களின் ஆண்டுகள் எங்கே போயின என்று பேசியவர்கள் குறைவு. இன்று படிப்பவர்களுக்கு உதவும் என்று நம்பி, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

எனக்கு ராஜபாளையம் பக்கம். பி.காம். முடித்து ஒரு நூற்பாலை அலுவலகத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு பேண்டேஜ் தறியில் வாரக் கூலி. 2019 குரூப் 4-இல் கட் ஆஃப் கைக்கெட்டாமல் போனதும் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். ஒரு வருஷம் வேலையை விட்டுவிட்டு குரூப் 2-க்குப் படிப்பது, அதன் பிறகு கல்யாணப் பேச்சை எடுப்பது என்று முடிவானது. 2020 ஜனவரியில் வேலையை விட்டேன். அதே மாதம்தான் அந்த 2019 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் நடந்த முறைகேடு வெளியே வந்து 99 பேர் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். இனி தேர்வு நேர்மையாக நடக்கும் என்ற தெம்போடு நூலகத்துக்குப் போய்வந்தேன். மார்ச் 24 மாலை 6 மணிக்கு 144 தடை உத்தரவு வந்தது. நூலகம் பூட்டப்பட்டது.

ஏப்ரல் 5-ஆம் தேதிக்கு வைத்திருந்த குரூப் 1 முதல்நிலைத் தேர்வு தள்ளிப்போய் 2021 ஜனவரி 3 அன்று நடந்தது. மே மாதத்தில் அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58-இலிருந்து 59 ஆனது. அடுத்த பிப்ரவரியில் 60. அரசின் நிதி நெருக்கடியில் அதற்கு நியாயம் இருந்திருக்கலாம். காத்திருந்த எங்களுக்கோ, காலியாக வேண்டிய நாற்காலிகள் காலியாகவில்லை என்பதுதான் அதன் பொருள்.

இந்த மாதிரி நேரத்தில் முதலில் உடைவது படிப்பு அல்ல, வீட்டில் நமக்கிருக்கும் இடம். தறி நின்று, அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ரேஷனில் கொடுத்த ஆயிரம் ரூபாயை அம்மா நாலாகப் பிரித்து வைத்தாள். அப்போது புத்தகத்தை விரித்து உட்காரவே கூச்சமாக இருந்தது. மில்லில் பழகிய டேலியை வைத்து, தெரிந்த இரண்டு மூன்று கடைக்காரர்களுக்கு மாதக் கணக்கும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் போட்டுக்கொடுக்க ஆரம்பித்தேன். பெரிய வருமானம் இல்லை. ஆனால் செல்போன் ரீசார்ஜுக்கும் மாதிரித் தேர்வுத் தொடருக்கும் அப்பாவிடம் கை நீட்டவில்லை. முழுநேரமாகப் படித்தால்தான் ஜெயிக்க முடியும் என்று பயிற்சி மையங்களில் சொல்வார்கள். தேர்வு தேதி நிச்சயமாக இருக்கும் வருஷத்துக்கு அது பொருந்தும். தேதியே இல்லாத வருஷத்தில், தினம் இரண்டு மணி நேர வேலையும் மாதம் ஒரு சிறு தொகையும் இருந்தால்தான் மீதி நேரம் மனம் புத்தகத்தில் நிற்கும். இதை அடித்துச் சொல்வேன்.

படித்த விதத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆறாம் வகுப்பு முதல் பள்ளிப் பாடப்புத்தகங்கள்தான் அடிப்படை. அவை இணையத்தில் இலவசமாகவே கிடைத்தன. வீட்டில் ஒரே செல்போன். பகலில் தம்பியின் ஆன்லைன் வகுப்பு, இரவு ஒன்பதுக்கு மேல் எனக்கு. நாங்கள் ஐந்து பேர் வாட்ஸ்அப்பில் குரல்பதிவாகக் கேள்வி அனுப்பி, குரலிலேயே பதில் சொல்லிக்கொண்டோம். தனியாகப் படித்திருந்தால் அந்தக் காலத்தைத் தாண்டியிருக்க மாட்டேன்.

அதைவிட முக்கியமானது, காத்திருந்த காலத்தில் விதிகள் மாறியது. தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத ஒதுக்கீடு முன்பு பதவிக்குரிய கல்வித் தகுதியை மட்டும் தமிழில் படித்திருந்தாலே கிடைத்தது. 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி என்று சான்றிதழ் காட்ட வேண்டும். என் தோழி ஐந்தாம் வகுப்புவரை படித்த சிறிய பள்ளி எப்போதோ மூடப்பட்டிருந்தது. அந்தச் சான்றிதழுக்காக அவள் கல்வி அலுவலகங்களுக்கு அலைந்ததை நான் கூடவே போய்ப் பார்த்தேன். அடுத்து 2021 டிசம்பரில் தமிழ்த் தாள் கட்டாயமானது. குரூப் 4-இல் பொது ஆங்கிலம் போய்விட்டது. ஆங்கிலத்தை நம்பி இரண்டு வருஷம் இலக்கணம் படித்தவர்கள் திணறிப்போனார்கள். அந்த மாற்றம் சரியானது என்பதுதான் என் கருத்து. இருந்தாலும் அவர்கள் உழைப்பு வீணானது எனக்கு வருத்தமே. விதி மாறும்போது பயிற்சி மையத்தின் யூடியூப் சுருக்கத்தை நம்பாதீர்கள். அரசாணையையும் அறிவிக்கையையும் நீங்களே முழுதாக வாசியுங்கள். புரியாத வரியை நாலு பேரிடம் கேளுங்கள்.

எனக்கு வேலை வாங்கித் தந்தது தட்டச்சு. ஆங்கிலம் ஹையர் கல்லூரியிலேயே முடித்திருந்தேன். தமிழில் லோயர்தான் இருந்தது. தட்டச்சு நிலையங்கள் திறந்ததும் தமிழ் ஹையருக்குச் சேர்ந்தேன். என் தோழியையும் கூப்பிட்டேன். குரூப் 2 தான் தன் இலக்கு, இதற்கு நேரமில்லை என்றாள். என்னைவிட நன்றாகப் படிப்பவள் அவள். 2022 குரூப் 4-இலும் என்னைவிடக் கூடுதல் மதிப்பெண். ஆனால் 18 லட்சத்துக்கும் மேல் எழுதிய தேர்வில் இளநிலை உதவியாளருக்கான கட் ஆஃப் அவளையும் தாண்டி நின்றது. தட்டச்சர் பதவிக்கு ஹையர் சான்றிதழ் உள்ளவர்களோடுதான் போட்டி என்பதால் குறைந்த மதிப்பெண்ணில் நான் உள்ளே போனேன். முடிவு வந்தது 2023 மார்ச் 24 அன்று. இன்று ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருக்கிறேன். அவள் ஒரு ஸ்கேன் சென்டரில் கணக்குப் பார்க்கிறாள். அறிவில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் இருவருக்கும் நடுவே நின்றது அந்த ஒரு சான்றிதழ்.

வயதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு நேரடி நியமன வயது வரம்பை இரண்டு ஆண்டு உயர்த்தியது. இது எத்தனை பெரிய காரியம் என்பதை எதிர்வீட்டுத் தம்பியிடம் பார்த்தேன். 2020 டிசம்பரில் நடந்த இரண்டாம் நிலைக் காவலர் எழுத்துத் தேர்வில் தேறியவன். ஏப்ரலில் நடக்க வேண்டிய உடற்தகுதித் தேர்வு இரண்டாம் அலையால் ஜூலை கடைசிக்குப் போனது. நடுவில் மே மாதம் அவனுக்குத் தொற்று வந்தது. 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அவனுக்கு மூச்சு திரும்பவில்லை. அப்போது பிற்படுத்தப்பட்டோருக்கு வரம்பு 26. அது 28 ஆனதால்தான் அடுத்த தேர்வில் அவனால் விண்ணப்பிக்கவே முடிந்தது. மத்தியக் குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு இந்தக் கருணை கிடைக்கவில்லை. 2020 அக்டோபரில் கடைசி வாய்ப்பை எழுதியவர்கள் இன்னொரு முறை கேட்டுப் போன வழக்கை உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 24 அன்று தள்ளுபடி செய்தது. நோயால் போன வாய்ப்பைத் திருப்பிக் கொடுப்பது சலுகை அல்ல, நீதி. அந்த விஷயத்தில் தமிழ்நாடு செய்ததே சரி.

பெண்களுக்கு அரசாணை சொல்லும் வயது வரம்பு ஒன்று, ஊர் சொல்லும் வயது வரம்பு இன்னொன்று. "பொண்ணு என்ன பண்ணுதுன்னு கேக்காங்க, நான் என்னத்தச் சொல்ல?" என்று அம்மா வருத்தப்படுவாள். "கடைகளுக்குக் கணக்குப் பாக்கா, டைப்பிங் போறான்னு சொல்லும்மா" என்பேன். படிக்கிறாள் என்பதைவிட அந்தப் பதில் சொந்தக்காரர்களிடம் செல்லுபடியானது. அதனால் கிடைத்த அவகாசத்தில்தான் 2022 வரை தாக்குப்பிடித்தேன். எங்கள் ஐந்து பேரில் இரண்டு பேருக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. பத்துப் பேரை வைத்துச் சிக்கனமாக முடித்துவிடலாம் என்றே ஊரடங்கில் கல்யாணம் பேசி முடித்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் புத்தகத்தைத் தொடவில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பெண் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தால் ரிசல்ட் எப்போது என்று தினமும் கேட்காதீர்கள். அடுத்த அறிவிக்கை வருவதற்குள் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழிச் சான்றிதழ்களை வாங்க அவளோடு பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். தட்டச்சுக்குக் கட்டணம் கட்டுங்கள். மாலையில் ஒரு மணி நேரமாவது அடுப்படி வேலையிலிருந்து அவளை விடுவியுங்கள்.